உண்டியல், தண்டல், புள்ளிக்கோலம்: கூட்டுத்தொடர் பற்றிய கேள்வி பதில்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிவருவதால், இந்த மாதம் சமன்பாடு, கூட்டுத்தொடர் ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் கேள்வி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை வண்ணாரப்பேட்டைக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட வடசென்னைத் தெருக்களிலிருந்து வந்த கடிதங்கள். அந்தப் பக்கத்திலேயே பல ஆண்டுகள் சாக்பீஸ் தூசியில் நின்றவன் என்பதால், அங்கே கிடைக்கும் உதாரணங்களைக் கொண்டே பதில் எழுதியிருக்கிறேன். தேர்வுக்கு நேரடித் தொடர்பில்லாத கேள்விகளுக்குத்தான் பதில் நீண்டுவிட்டது. மாணவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். "இந்தப் பக்கம் இருக்கும் எண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனால் பிளஸ், மைனஸ் ஆகிவிடும்" என்கிறாள். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்கிறாள். சமன்பாடு என்பது என்ன? குறி ஏன் மாறுகிறது?
– ஒரு தாய், கொருக்குப்பேட்டை

உங்கள் மகள்மீது தவறில்லை. பெரும்பாலும் அப்படித்தான் சொல்லித் தரப்படுகிறது. ஆனாலும் ஏன் என்று கேட்டதால், உங்கள் வீட்டில் இப்போதைக்கு நல்ல கணக்கு மாணவி நீங்கள்தான்.

சமன்பாடு என்பது ஒரு முழு வாக்கியம். தெரியாத எண்ணுக்குக் 'க' என்று பெயர் வைத்துக்கொள்வோம். '3க + 5' என்று மட்டும் எழுதினால், அது பயனிலை இல்லாத சொற்றொடர். பாடநூல் அதைக் கோவை என்கிறது. அதைப் பார்த்து 'இது சரியா, தவறா' என்று யாரும் கேட்க முடியாது. '3க + 5 = 20' என்று எழுதியவுடன் அது ஒன்றை உறுதிபடச் சொல்லும் வாக்கியமாகிவிடுகிறது. க-வின் இடத்தில் 4 போட்டால் இடப்பக்கம் 17 வருவதால் வாக்கியம் பொய்யாகிறது. 5 போட்டால் மெய்யாகிறது. வாக்கியத்தை மெய்யாக்கும் எண்ணைத் தேடிப் பிடிப்பதைத்தான் 'சமன்பாட்டைத் தீர்த்தல்' என்கிறோம். 2(க + 3) = 2க + 6 என்பது போன்ற சில வாக்கியங்கள் எந்த எண்ணைப் போட்டாலும் மெய்யாகவே இருக்கும்; அவற்றுக்கு முற்றொருமை என்று பெயர். க + 1 = க என்பதோ எந்த எண்ணைப் போட்டாலும் பொய்; அதற்குத் தீர்வே இல்லை.

இனி, குறி மாறும் விஷயத்துக்கு வருவோம். மின்னணு எடைக்கருவி வருவதற்கு முன்பு மீன் கடைகளில் தொங்கிய இரட்டைத் தட்டுத் தராசு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தட்டில் ஒரே எடையுள்ள மூன்று கூடைகளும் ஒரு 5 கிலோ எடைக்கல்லும், மறுதட்டில் 20 கிலோ எடைக்கற்களும் இருந்து, முள் நடுவில் நிற்கிறது என்று வையுங்கள். கூடைகளின் எடை மட்டும் வேண்டுமென்றால், 5 கிலோ கல்லை எடுக்க வேண்டும். முள் சாயாமல் இருக்க வேண்டுமென்றால், மறுதட்டிலிருந்தும் 5 கிலோவை எடுக்க வேண்டும். மூன்று கூடைகள் 15 கிலோ. ஒரு கூடை 5 கிலோ. இதில் எந்தக் கல்லும் ஒரு தட்டிலிருந்து மறுதட்டுக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இரு பக்கமும் ஒரே செயலைச் செய்தோம், அவ்வளவுதான். அதைச் சுருக்கி எழுதும்போது, இந்தப் பக்கத்து +5 மறைந்து அந்தப் பக்கத்தில் −5 முளைத்தது போல் தோன்றுகிறது.

இந்தத் தோற்றத்தை விதியாக மனப்பாடம் செய்த பிள்ளைகள் அடுத்த வரியிலேயே சறுக்குவதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன். 3க = 15 என்று வந்தவுடன், 'மறுபக்கம் போனால் மைனஸ்' என்ற பழக்கத்தில் க = 15 − 3 = 12 என்று எழுதிவிடுவார்கள். தராசை நினைவில் வைத்திருப்பவர் மூன்று கூடைகளிலிருந்து 3 கிலோவைக் கழிக்க மாட்டார். எடையை மூன்றாகப் பங்கிடுவார்.

வீட்டுக்கு வெளியே ஓர் உதாரணம். 2013-இல் தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். (மீட்டர் போட்டு ஓட்டுவார்களா என்பதற்குச் சமன்பாடு கிடையாது.) அந்தக் கணக்கில் 85 ரூபாய் ஆனால் எவ்வளவு தூரம் போயிருப்போம்? கூடுதல் தூரத்தைக் க என்று கொண்டால், 25 + 12க = 85. இருபுறமும் 25-ஐ நீக்கினால் 12க = 60; ஆகவே க = 5. முதல் 1.8-ஐயும் சேர்த்தால் 6.8 கிலோமீட்டர். இதில் பிள்ளைகள் 5 என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கமான தவறு. க என்று எதற்குப் பெயர் வைத்தோம் என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

சமக்குறியைப் பற்றியும் ஒரு சொல். இதை அச்சில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்டு, ஆண்டு 1557. இணையான இரு கோடுகளைவிடச் சமமானவை வேறு இரண்டு இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே '=' என்பதற்கு 'இதோ விடை வருகிறது' என்று பொருளில்லை; 'இரு பக்கமும் ஒன்றே' என்று பொருள். '5 + 3 = 8 × 2 = 16' என்று ரயில் பெட்டிபோல் கோத்து எழுதும் பிள்ளை, ஐந்தும் மூன்றும் பதினாறு என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. நான் கொஞ்சம் கடுமையாக மதிப்பெண் குறைத்தது இந்த ஒரு தவறுக்குத்தான்.

கூட்டுத்தொடர் வரிசையில் எட்டாவது உறுப்பைக் கேட்டால், முதல் உறுப்போடு ஏழு வித்தியாசத்தைத்தான் கூட்டுகிறார்கள். எட்டு என்றால் எட்டுதானே கூட்ட வேண்டும்?
– பத்தாம் வகுப்பு மாணவர், தண்டையார்பேட்டை

தம்பி, உங்கள் பகுதி மெட்ரோவிலேயே இதற்கு விடை இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் ஏறி டோல்கேட்டில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட் என ஐந்து நிலையங்கள். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து நிலையத்துக்கு எத்தனை முறை நகர்கிறது? நான்கு முறை. ஏறும் நிலையத்துக்கு வந்து சேர ரயிலுக்குள் பயணம் எதுவும் தேவையில்லை. அதேபோல் முதல் உறுப்பை அடைய வித்தியாசம் எதையும் கூட்டத் தேவையில்லை. எட்டாவது உறுப்பை அடைய ஏழு தாவல்கள் போதும்.

ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்கு முந்தைய உறுப்புக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் இருந்தால் அது கூட்டுத்தொடர் வரிசை. 7, 11, 15 என்று போகும் வரிசையில் முதல் உறுப்பு 7, பொது வித்தியாசம் 4. இருபத்தைந்தாவது உறுப்பு 7 + 24 × 4 = 103. 25-ஆல் பெருக்கியவர் 107 என்று எழுதி ஒரு நிலையம் தாண்டி இறங்கியிருப்பார்.

இதே வரிசையில் 200 வருமா என்று கேட்டால், வரிசை சமன்பாடாகிவிடுகிறது. தாவல்களின் எண்ணிக்கையைக் க என்று கொண்டால் 7 + 4க = 200; ஆகவே 4க = 193. 193-ஐ 4 மீதியின்றி வகுக்காது. அரைத் தாவல், கால் தாவல் கிடையாது என்பதால் 200 இந்த வரிசையில் வராது. தேர்வில் இந்தக் கேள்விக்கு 48.25 என்று எழுதி அடிக்கோடிட்டு வைப்பவர்கள் உண்டு. அந்த எண் சொல்ல வருவதைப் படித்து ஒரு வரி எழுதினால்தான் விடை முழுமையாகும்.

ஜனவரி 1 அன்று ஒரு ரூபாய், 2 அன்று இரண்டு ரூபாய் என்று தினமும் ஒரு ரூபாய் கூட்டி உண்டியலில் போட்டுவரத் தொடங்கியிருக்கிறேன். ஆண்டு முடிவில் எவ்வளவு சேரும்? மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஜூலையில் 20,000 ரூபாய் தேவைப்படும். அதற்குள் சேர்ந்துவிடுமா?
– இல்லத்தரசி, வியாசர்பாடி

இந்தக் கேள்வியைக் கண்டு எனக்கு மகிழ்ச்சி. பாடநூலின் இரண்டு பாடங்கள் உங்கள் உண்டியலில் ஒன்றாகக் கிடக்கின்றன.

ஆண்டின் கடைசி நாளில் 365 ரூபாய் போடுவீர்கள். முதல் நாளின் 1 ரூபாயையும் கடைசி நாளின் 365 ரூபாயையும் சேர்த்தால் 366. இரண்டாம் நாளின் 2-ஐயும் கடைசிக்கு முந்தைய நாளின் 364-ஐயும் சேர்த்தாலும் 366. உள்நோக்கி எந்த இணையை எடுத்தாலும் ஒருபுறம் ஒன்று கூடும்போது மறுபுறம் ஒன்று குறைவதால், கூட்டுத்தொகை மாறுவதில்லை. ஆகவே சராசரியாக ஒரு நாளைக்கு 183 ரூபாய். 365 நாட்களுக்கு 183 × 365 = 66,795 ரூபாய்.

கூட்டுத்தொடரின் கூடுதலுக்குப் பாடநூலில் இரண்டு மூன்று வடிவங்களில் சூத்திரம் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது இது ஒன்றுதான்: முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி, அதை உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் கூடுதல். சூத்திரம் மறந்துபோகும். இரு முனைகளையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் மறக்காது.

அடுத்து, ஜூலை மாதத்துக் கேள்வி. க நாட்களில் சேரும் தொகை க × (க + 1) ÷ 2. அது 20,000 ஆக வேண்டுமென்றால், க × (க + 1) = 40,000. தெரியாத எண் தன்னாலேயே ஏறக்குறைய பெருக்கப்படுவதால் இது இருபடிச் சமன்பாடு. தேர்வில் அதற்குரிய சூத்திரத்தைப் போட வேண்டும், வீட்டில் தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 40,000-க்கு அருகில் வர வேண்டும். 200-இன் வர்க்கம் 40,000 என்பது எல்லோருக்கும் தெரியும். 199 × 200 = 39,800; 200 × 201 = 40,200. அதாவது 199-ஆம் நாளில் உங்களிடம் 19,900 ரூபாயும், 200-ஆம் நாளில் 20,100 ரூபாயும் இருக்கும். லீப் ஆண்டு இல்லையென்றால் 200-ஆம் நாள் ஜூலை 19. கட்டணத்துக்குக் கடைசித் தேதி அதற்கு முன்பாக இருந்தால், இப்போதே வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கணக்கு இத்தோடு முடிந்தாலும், சேமிப்பு முடியவில்லை. ஜனவரி மாதம் முழுவதும் நீங்கள் போட்டது 496 ரூபாய்தான். டிசம்பரிலோ 335-இல் தொடங்கி 365 வரை 31 நாட்கள், சராசரி 350, மொத்தம் 10,850 ரூபாய். ஜூன் 30 வரை சேர்வது 16,471 ரூபாய் என்றால், மீதி 50,324 ரூபாயும் ஆண்டின் பின்பாதியில்தான் சேர வேண்டும். கூட்டுத்தொடர் தொடக்கத்தில் செல்லமாகத்தான் நடந்துகொள்ளும். தீபாவளியும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களில் தினமும் முந்நூறு ரூபாய் என்பது பல வீடுகளில் நடக்காத காரியம். இந்தத் திட்டத்தை ஊக்கத்தோடு பரப்புபவர்கள் 66,795 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு டிசம்பரைச் சொல்லாமல் விடுகிறார்கள். வருமானம் எல்லா மாதமும் ஒரே அளவில் வருபவராக இருந்தால், இயன்ற ஒரே தொகையைத் தினமும் போடுவதே மேல். தினம் 101 ரூபாய் போட்டாலே ஜூன் 30-க்குள் 18,281 ரூபாய் சேர்ந்திருக்கும்.

ஒன்று முதல் நூறு வரை உள்ள எண்களைக் காஸ் என்ற சிறுவன் ஒரு நொடியில் கூட்டினான் என்பது உண்மையா?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

கார்ல் பிரெடரிக் காஸ் 1777-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் ஒரு கூட்டுத்தொடரைக் கணத்தில் கூட்டி ஆசிரியரை வியக்க வைத்தார் என்ற கதை, அவர் மறைந்த மறு ஆண்டான 1856-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. ஆனால் அதில் ஒன்று முதல் நூறு வரை என்ற எண்கள் இல்லை. பின்னால் கதை சொன்னவர்கள் சேர்த்தவை அவை. 50 இணைகள், இணைக்கு 101, ஆகமொத்தம் 5,050 என்பது சொல்ல எளிதாக இருப்பதால் நிலைத்துவிட்டது. எப்படியிருந்தாலும் இந்த வழியைக் கண்டுபிடித்தவர் காஸ் அல்லர். கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய தம் நூலில் ஆரியபட்டர், கூட்டுத்தொடரின் சராசரியை உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கும் விதியையும், முதல் உறுப்பையும் கடைசி உறுப்பையும் கூட்டி எண்ணிக்கையின் பாதியால் பெருக்கும் விதியையும் தருகிறார். கூடுதல் தெரிந்திருந்தால் உறுப்புகளின் எண்ணிக்கையைக் காணும் விதியையும் அடுத்த செய்யுளிலேயே தருகிறார். வியாசர்பாடி வாசகியின் ஜூலை 19-ஐ அந்த விதியைக் கொண்டும் கண்டுபிடிக்கலாம்.

எம்.சி. ரோட்டில் சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். 60,000 ரூபாய் கடன் தேவைப்பட்டது. ஒருவர் ரெண்டு வட்டி என்று சொல்லி, பன்னிரண்டு மாதமும் அசல் 5,000, வட்டி 1,200 கட்டச் சொன்னார். இன்னொருவரும் ரெண்டு வட்டிதான், ஆனால் மிச்சமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று முதலாமவரிடமே வாங்கிவிட்டேன். இது தவிர அவ்வப்போது தண்டலும் எடுக்கிறேன். 10,000-க்கு 1,000 பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அது பத்து வட்டி என்பது சரியா?
– வியாபாரி, பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா, இரண்டும் ஒன்றல்ல. வாங்குவதற்கு முன்பு எழுதியிருக்கலாமே என்று தோன்றுகிறது. அடுத்த முறைக்காவது உதவட்டும்.

இரண்டாமவரிடம் வாங்கியிருந்தால் முதல் மாதம் 60,000-க்கு 1,200 ரூபாய் வட்டி. 5,000 கட்டியபின் மிச்சம் 55,000. அடுத்த மாத வட்டி 1,100. அதற்கடுத்து 1,000. இப்படி மாதம் நூறு நூறாகக் குறைந்து, பன்னிரண்டாம் மாதம் மிச்சமிருக்கும் 5,000-க்கு 100 ரூபாய். 1,200-இல் தொடங்கி 100-இல் முடியும் இந்த வரிசையின் பொது வித்தியாசம் −100. வித்தியாசம் குறைவெண்ணாக இருந்தாலும் அது கூட்டுத்தொடர்தான். இரு முனைகளின் சராசரி 650. பன்னிரண்டு மாதத்துக்கு 7,800 ரூபாய். முதலாமவருக்கு நீங்கள் கட்டும் வட்டி 1,200 × 12 = 14,400 ரூபாய். வித்தியாசம் 6,600 ரூபாய். வட்டி பாதியாகத்தானே குறைய வேண்டும், ஏன் 7,200 இல்லை என்று கேட்பவர்களுக்கு: தொடர் சுழியத்தில் முடியவில்லை, 100-இல் முடிகிறது, அதனால்தான் அந்த 600.

முதலாமவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். தொகையை வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். ஆனால் அதற்கு 'ரெண்டு வட்டி' என்று பெயர் வைத்தது பொருந்தாது. பன்னிரண்டு மாதமும் உங்கள் கையில் 60,000 இருக்கவில்லை. முதல் மாதம் 60,000, கடைசி மாதம் 5,000. சராசரியாக 32,500 ரூபாய்தான் இருந்தது. 32,500 ரூபாய்க்கு மாதம் 1,200 வட்டி என்றால், அது நூற்றுக்கு ஏறத்தாழ 3.7.

தண்டல் கணக்கையும் இதே வழியில் பாருங்கள். உங்கள் கைக்கு வந்தது 9,000. நீங்கள் கட்டுவது 10,000. தினம் கட்டும் 100 ரூபாயில் 90 அசலுக்கும் 10 வட்டிக்கும் போவதாகக் கொண்டால், முதல் நாள் உங்களிடம் இருக்கும் கடன் 9,000, மறுநாள் 8,910, நூறாவது நாள் 90. இதுவும் கூட்டுத்தொடர்தான். சராசரி 4,545 ரூபாய். ஆக, 4,545 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கு 1,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். அது நூறு நாளைக்கே நூற்றுக்கு 22. ஆண்டுக்கு மாற்றினால் நூற்றுக்கு ஏறத்தாழ 80. பத்து என்று சொல்லப்படுவது எங்கே, எண்பது எங்கே! வங்கிகள் பின்பற்றும் துல்லியமான முறையில் இந்த 3.7-உம் 80-உம் சற்றுக் குறைவாக வரும். இரண்டு கடன்களை ஒப்பிட்டுப் பார்க்க நாம் போட்ட கணக்கே போதும்.

காலையில் சரக்கெடுத்து மாலைக்குள் விற்றுப் பணமாக்கும் மீன் வியாபாரிக்கும் பூ வியாபாரிக்கும் தண்டல் இல்லாமல் தொழில் நடக்காது என்பதை அறிவேன். அவசரத்துக்கு வாசலில் வந்து நிற்பவரும் தண்டல்காரர்தான். ஆகவே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கு ஜவுளியில் போட்ட முதல் ஒரு முறை கைக்குத் திரும்ப எத்தனை நாளாகிறது, அதில் நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்று எழுதி, இந்த எண்பதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிறேன். 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 முடிய வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணிப் பார்த்தால் ஒரு முறை 167 வருகிறது, ஒரு முறை 169 வருகிறது.
– வாசகி, திருவொற்றியூர்

169-தான் சரி. நடு வரிசையில் 15. அதற்கு மேலே 14, 13 என்று 8 வரை ஏழு வரிசைகள், கீழேயும் அப்படியே. 14-க்கும் 8-க்கும் சராசரி 11. ஏழு வரிசைக்கு 77. இரு பக்கமும் சேர்த்து 154. நடுவிலுள்ள 15-ஐச் சேர்த்தால் 169. அது 13-இன் வர்க்கமாகவும் அமைந்திருப்பது தற்செயல்தான். 13 புள்ளி, 7 முடிய வைத்தால் 127 வரும், அது வர்க்க எண் இல்லை.

நேர்ப்புள்ளிக் கோலத்தில்தான் நிஜமான அழகு இருக்கிறது. 7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 முடிய வைக்கும்போது, உச்சியிலிருந்து 1, 3, 5, 7 என்று ஏறி, 5, 3, 1 என்று இறங்குகிறீர்கள். ஏறும் பகுதியைக் கூட்டினால் 16, இறங்கும் பகுதியைக் கூட்டினால் 9. நான்கின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும்! ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்தான் வரும். 1-க்கும் 7-க்கும் சராசரி 4. இருக்கும் எண்களும் 4. ஆகவே 4 × 4. இன்னொரு வரிசை சேர்த்தால், 1-க்கும் 9-க்கும் சராசரி 5. இருக்கும் எண்களும் 5. கடைசி எண் இரண்டு கூடும்போது சராசரி ஒன்று கூடுகிறது. எண்ணிக்கையும் ஒன்று கூடுகிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. இதை வகுப்பில் கரும்பலகையில் விளக்கியதைவிட, வாசலில் கோலமாவோடு குனிந்திருக்கும்போது விளக்கினால் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும் என்பது என் எண்ணம்.

1 + 2 + 3 + 4 என்று முடிவில்லாமல் கூட்டினால் −1/12 வரும் என்று ராமானுஜன் கண்டுபிடித்ததாக ஒரு காணொளியில் பார்த்தேன். அப்படியானால் பாடநூலில் உள்ள சூத்திரம் தவறா? பத்தாவது படிக்கும் என் தம்பி கேட்கிறான்.
– பொறியியல் மாணவர், ராயபுரம்

சூத்திரம் தவறில்லை. அது எத்தனை உறுப்புகள் என்று எண்ணிச் சொல்லக்கூடிய தொடருக்கு உரியது. நூறு எண்களைக் கூட்டினால் 5,050. ஆயிரம் எண்களைக் கூட்டினால் 5,00,500. கூட்டக் கூட்டக் கூடுதல் எல்லையின்றி வளருமே தவிர, எந்த எண்ணையும் நெருங்கி நிற்காது. ஆகவே சாதாரணப் பொருளில் 'கூட்டினால்' −1/12 வராது.

ராமானுஜன் அப்படி எழுதியது உண்மைதான். 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலித் தெருவில் குடியிருந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு முதல் கடிதம் எழுதினார். பிப்ரவரி 27 அன்று எழுதிய அடுத்த கடிதத்தில் இந்த −1/12 வருகிறது. அங்கே 'என் கோட்பாட்டின்படி' என்ற நிபந்தனையோடுதான் அதைச் சொல்கிறார். இதைக் கேட்டால் நான் போய்ச்சேர வேண்டிய இடம் மனநல விடுதி என்பீர்கள் என்றும் அவரே எழுதிவிடுகிறார். எல்லையின்றி வளரும் தொடர்களுக்கும் ஓர் எண்ணை முரண்பாடின்றிப் பொருத்த முடியுமா என்பது அவர் ஆராய்ந்த கேள்வி. ஜெர்மானியக் கணித அறிஞர் ரீமன் 1859-இல் விரிவுபடுத்திய 'ஜீட்டா சார்பு' என்ற கணிதக் கருவியின் வழியாகப் போனாலும் அந்த இடத்தில் அதே எண் வருகிறது. காணொளிகள் அந்த நிபந்தனையை விட்டுவிட்டுச் சமக்குறியை மட்டும் காட்டுவதால்தான் குழப்பம். ரெக்கார்டு போட்ட அந்த இரு கோடுகள் இங்கே வேறு பொருளில் நிற்கின்றன.

உங்கள் ராயபுரத்திலேயே 1993-இல் தொடங்கப்பட்ட ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. தம்பியை ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் தேர்வு முடியட்டும். அதுவரை −1/12-ஐப் பற்றி அவனிடம் பேச வேண்டாம்.